ஊருணிக் கரையில் சோதனை

தீப்பெட்டியாபீஸ் வாசலில் ஆண்டுக்கணக்காக எல்லார் சட்டைப்பையையும் சோதித்து, ஒரு பீடியைக்கூட உள்ளே விடாத போர்மேன் சௌந்தரபாண்டியன், தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருணிக்குத் தீ வைத்தார்.

ஊருணி என்றால் அந்த ஊருணிக்கே சிரிப்பு வரும். கோவில்பட்டியின் தெருக்கோடியில் கிடந்த அந்தப் பள்ளத்தில் நின்றதெல்லாம் குப்பையும் சீமைக்கருவேலமும்தான். ஒற்றை ஆளாகச் சுத்தம் செய்து பெயர் வாங்கிவிடலாம் என்று ஒரே ஒரு குச்சியைக் கிழித்தார். முள்ளுக்கு அடியில் மருந்து தோய்த்த கழிவுக் குச்சிகள் குவிந்து கிடந்தன. அதை அங்கே கொட்டச் சொன்னதே தான்தான் என்பது, புகை கண்ணில் ஏறியபோதுதான் அவருக்கு நினைவு வந்தது.

தெருப் பெண்கள் குடத்தோடு ஓடிவந்து அணைத்தார்கள். அதற்குள் கரையில் நின்ற ஒற்றைப் புங்கமரம் கருகிவிட்டது. அவர் ஆபீஸில் குச்சி அடுக்குகிற ஜெயஷீலா ஆடு கட்டுவது அதன் நிழலில்தான்.

"வந்ததே வந்தாச்சு, மிச்சத்தையும் அள்ளிருவோம்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் குப்பை அள்ளினார்கள். முள்ளை வேரோடு தோண்டினார்கள். மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்ததைத் திறந்தார்கள். ஆபீஸ் கழிவை அந்தப் பக்கமே வராமல் தடுத்துவிட்டு, சௌந்தரபாண்டியனும் போய் நின்றார். ஜெயஷீலா மறித்தாள்.

"சட்டைப்பையக் காட்டுங்க அண்ணாச்சி."

"என்னையவா?"

"ஆபீஸ்ல நீங்க பாக்கலாம், இங்கன நான் பாக்கக்கூடாதாக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். பையைப் புரட்டிக் காட்டினார்: ஒரு சீப்பும் மூக்குப்பொடி மட்டையும். வாராவாரம் காட்டினார். வாராவாரம் கேட்டார்: "இன்னும் கோவமா தாயி?"

"மழை பெய்யட்டும், பாப்போம்."

இன்னொரு வாரம், "புங்க துளுக்கட்டும், பாப்போம்."

கருகிய மரத்துக்குத் தினமும் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தார். வழுக்கைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல என்று அவருக்கே தோன்றியது.

ஐப்பசியில் மழை கொட்டியது. கரிசல் வெடிப்புகள் மூடின. ஊருணியில் தண்ணீர் தேங்கியது. கொக்கும் முக்குளிப்பானும் எப்படித்தான் மோப்பம் பிடித்தனவோ, வந்துவிட்டன. புங்கமரத்தின் தூரில் பச்சையாக ஒரு துளிர்.

அந்த ஞாயிறு பையைப் புரட்டிப் பிடித்தபடி கரையில் நின்றார். ஜெயஷீலா அவரைத் தாண்டிப் போனாள்.

"ஏம்மா, சோதிக்கலையா? நான் இனிமே வரவேண்டாமா? நேராச் சொல்லிரு."

அவள் திரும்பினாள்.

"மரம் கருகுன அன்னைக்கு உங்களக் கொன்னுருப்பேன் அண்ணாச்சி. இப்பக் கோவம் இல்ல. நீங்க கொளுத்தலைன்னா நாங்க ஒருத்தியும் இங்கன எட்டிப் பாத்திருக்க மாட்டோம். வாராவாரம் வாங்க. மம்பட்டி அந்தாக் கெடக்கு."