ஒபின்னாவின் பரிசப் பணம்

1

ஐந்நூறு வெள்ளி, இந்த ஊர் டாலர். நைஜீரியாக்காரன் ஒபின்னா, பெண் கொடுக்கும் அருமைநாயகத்துக்குத் தர வேண்டியிருந்த பரிசப் பணம். கதை என்னுடையதில்லை, கிராஞ்சி விடுதிக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் லாரியில் முத்தையா பாதிவரை சொன்னது. நான் தேவாலயத்துக்குள் போனதே இல்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தேவாலய மணி கணீரென்று— (மணியே கிடையாதாம். வரியை அடித்துவிட்டேன்.)

ஒபின்னா ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை தனியாகப் போய்ப் பெண் கேட்கக் கூடாது. சொந்தக்காரர் பேச வேண்டும். இங்கே அவனுக்கு யார்? கப்பல் பட்டறையில் கூட வேலை செய்யும் முத்தையா இரவல் சட்டை போட்டுச் சித்தப்பாவானார். ஆங் மோ கியோ பேட்டையில் இருந்த பெண் வீட்டில் பண உறையை நீட்டினார்.

"பொண்ண விக்கவா வளர்த்தேன்? சர்ச்சுல மோதிரம் மாத்துனா போதும் லா. கடன் தள்ளுபடி!" அருமைநாயகம் சிரித்தபடி உறையை முத்தையாவின் பையிலேயே திணித்தார்.

பெருந்தன்மைதான். ஆனால் ஒபின்னாவின் முகம்... (இந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.) பரிசம் வாங்காமல் கொடுத்த பெண்ணை அவன் அம்மா மருமகள் என்று அழைக்க மாட்டார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் ஏங்கினான்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் மணப்பெண் ஜெசிந்தா முத்தையாவைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், நீங்களே அப்பாகிட்ட எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா, 'உன் விலைய நீயே பேசுறியா'ம்பாரு."

"அங்கிள் இல்லம்மா, சித்தப்பா. சம்பளமில்லாத வேலை, பேராவது சரியா இருக்கட்டும்."

நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று முத்தையா தள்ளிப்போட்டார்.

3

சனிக்கிழமை, தேவாலயத்தில். மோதிரம் மாற்றியாயிற்று. முத்தையா பிடித்திருந்த கைப்பேசியில் ஒபின்னாவின் அம்மா. விசா கிடைக்காதவர். தன் வீட்டிலேயே கல்யாணத் தலைத்துணி கட்டி உட்கார்ந்திருந்தார். போதகர் ஆசீர்வதிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எளிய ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"வாங்கினாங்களா?"

முத்தையாவின் பதிலாக 'ஆமாம்' என்று எழுதி அடித்தேன். முத்தையா அந்த இடத்தில் பொய் சொல்ல மாட்டார். 'இல்லை' என்றும் எழுதி அடித்தேன். அந்தத் தலைத்துணி அவிழ்வதை என்னால் பார்க்க முடியவில்லை.

"என்னவாம்?" என்றார் பக்கத்தில் இருந்த அருமைநாயகம்.

"அண்ணே, அது விலையில்ல. நீங்க கைநீட்டி வாங்குனாத்தான் ஜெசிந்தா அவங்க வீட்டுப் பொண்ணு. அதக் கேக்கத்தான் அந்தம்மா காத்துக்கிட்டிருக்கு."

4

முத்தையா உறையை வெளியே எடுத்துவிட்டார். அருமைநாயகம் வாங்கிக்கொண்டார் என்று எழுதினால் கடன் தீரும். நானும் படுக்கப் போகலாம். ஆனால் மகளைப் பெற்றவரின் கையை நான் எப்படிப் பிடித்து இழுப்பது?

திரையில் அந்த அம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அருமைநாயகத்தை நீங்கள் கேட்டுப் பாருங்கள். அவர் கை நீட்டினால், கடன் தீர்ந்தது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.