காலர் பாய்

ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு தையல் கம்பெனி, மூன்றாவது மாடி. உபைத் காலர் தைத்துக்கொண்டிருந்தான். கேன்வாஸ் வைத்து ஓட்டி, புரட்டி, மூலையை ஊசி முனையால் வெளியே இழுத்துவிட்டு, கூடையில் போட்டான். பக்கத்து மெஷினில் சக்திவேல் சட்டைக்குக் கை வைத்துத் தைத்தான். அவனுக்கு அடுத்தவன் பட்டன் பட்டி. சேர்ந்த நாள் முதல் உபைத்துக்குக் காலர்தான்.

“மலேசியா போயி இன்னா பண்ணப் போற மச்சி?” என்றான் சக்திவேல்.

“ஈப்போல சின்னக் கடை. ஒரே மெஷினு. அளவெடுக்கறது, வெட்றது, தைக்கறது எல்லாம் நானே. நான் தச்ச சட்டய ஒருத்தன் போட்டுக்கினு போறத கண்ணால பாக்கலாம். ஆறு மணிக்கு ஷட்டரு. கட மேலயே வீடு.”

“நாளைக்கு டெஸ்ட்ல முழுச் சட்ட தைக்கணும்ல?”

“சட்டைக்குள்ளயே குடித்தனம் பண்றேன். தைக்க வராதா?”

“பாய், நீ காலர் பாய். இந்தா, ஒரு கை வச்சுப் பாரு.”

உபைத் துணியை வாங்கினான். சூப்பர்வைசர் பிரசாத் வந்து அதைப் பிடுங்கி, சக்திவேலின் மேஜையில் போட்டார்.

“அவனவன் வேலய அவனவன் பாருங்கப்பா. காலர்ல உன் ஸ்பீடு யாருக்கு வரும் உபைத்து? உன்ன எப்டி மாத்தறது?”

திருவல்லிக்கேணியில் உபைத்துக்கும் மனைவி மஹ்விஷுக்கும் ஒரே அறை. சுவரில் பீரோ நின்ற இடம் வெளுத்திருந்தது. கிளம்பத்தானே போகிறோம் என்று மஹ்விஷ் பீரோவைத் தங்கை அதீபாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

“அங்க ஜன்னல் இருக்காம்ல,” என்றாள். “அதுக்குப் பர்தா நீங்கதான் தைக்கணும்.”

“முதல் வேல அதுதான்.”

மறுநாள் வடபழனியில், ஏஜென்சி ஹாலில் மெஷின்கள் வரிசையாக இருந்தன. ஈப்போ கடைக்காரர் தானே வந்திருந்தார். வெட்டிய துணியை ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் நூல் கோத்து முடிப்பதற்குள் உபைத் காலரை முடித்தான். கடைக்காரர் அதைக் கட்டைவிரலால் தடவினார்.

“இப்படி ஒரு காலர் நான் பார்த்ததில்ல தம்பி.”

உபைத் சிரித்தான். பிறகு சட்டையின் கைத்துண்டுகளை எடுத்தான். சக்திவேல் செய்வதுபோலவே தோளில் தொடங்கினான். இடது கையில், முடிவில் துணி மிஞ்சியது. இழுத்துச் சேர்த்துத் தைத்தான்.

“போட்டுக் காட்டுங்க.”

காலர் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“கையைத் தூக்குங்க.”

வலது கை உயர்ந்தது. இடது கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது.

“காலருக்குன்னு தனியா ஆள் வைக்க நான் ஃபேக்டரி நடத்தல தம்பி,” என்றார் கடைக்காரர். “அடுத்த மாசம் திரும்ப வருவேன். சட்டைய நீங்களே வச்சுக்கங்க.”

வெளியே வந்து மஹ்விஷைப் போனில் கூப்பிட்டான்.

“அடுத்த மாசம்.”

“பீரோவ திருப்பிக் கேக்கவா?”

“அங்கயே இருக்கட்டும்.”

காலையில் அந்தச் சட்டையைத் தன் மேஜையில் விரித்து வைத்தான்.

“சக்தி, சாப்பாட்டு நேரத்துல இந்தக் கையப் பிரிச்சு எங்கண்ணு முன்னாடி வை. ஒருக்கா பாத்தா போதும்.”

“ரெண்டுவாட்டி காட்றேன் பாய். நீ மலேசியாலேர்ந்து எனக்கொரு சட்ட அனுப்பு.”

“காலர் மட்டும் அனுப்பறேன்.”

பிரசாத் படியேறி வந்தார். இரண்டு தோளிலும் துணிக் கட்டுகள்.

“தீபாவளி ஆர்டர்பா. இந்த மாசம் பூரா மெஷின்லயே உக்காந்து துன்னுங்க.”

கட்டுகளை உபைத்தின் மேஜையில் இறக்கினார். சட்டை அடியில் போயிற்று. இடது கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.