நாற்பத்து மூன்று கைகள்

இரண்டு பேரைச் சபைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தூக்கப்பட்ட நாற்பத்து மூன்று வலது கைகளில் ஒன்றுகூடத் திரும்ப இறங்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது, முடிவு ஜெபமும் ஆயிற்று, மின்விசிறிகளை அணைத்தாகிவிட்டது. கைகள் மட்டும் காதை ஒட்டி நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றன. சுளுக்கு என்றார்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே நிமிஷத்தில், ஒரே பக்கம் எப்படிச் சுளுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சங்கடமான கேள்வி கேட்கும் பழக்கம் அந்தச் சபைக்குக் கிடையாது. உடம்பைச் சாய்த்தாலும் படுத்தாலும் கை மட்டும் வானத்தைப் பார்த்தே நின்றது. எலும்பு டாக்டர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார், அது பலிக்காமல் போகவே எக்ஸ்ரே எடுத்தார், கடைசியில் பக்கத்து அறை டாக்டரிடம், எலும்பில் ஒன்றும் இல்லை, பிடிவாதம்தான் என்று சொன்னார்.

நீக்கப்பட்டவர்களில் ஒருவன் சபையின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் கவனித்துக்கொண்டவன். மற்றவன் பல்செட் செய்கிறவன். இருவரும் ஏழு வருஷமாக ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். இந்தக் காலத்துப் பையன்கள் எவ்வளவு சிக்கனம் என்று சபையே மெச்சிக்கொண்டது. வருஷம் ஒருமுறை ஒவ்வொரு வீடும் சபைக்கு நிரப்பிக் கொடுக்கவேண்டிய குடும்பப் படிவத்தில், உறவுமுறை என்ற கட்டத்தில் எல்லோரும் பாதி உண்மையைத்தான் எழுதுவது வழக்கம். பல்செட்காரன் அளவெடுத்து வேலை செய்து பழகியவன், கட்டம் கண்டால் சரியாக நிரப்பிவிடுவான். 'துணை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். படிவத்தை இரும்புக்கடைக்காரர் வாசித்தார். அவர்தான் சபைச் செயலர். அடுத்த ஞாயிறு, ஆணோடு ஆண் சேர்வதைப் பழிக்கும் ஒரு வரியை வேதத்திலிருந்து அவரே எழுந்து வாசித்தார். அதே வரியில் பேராசைக்காரரும் குடிகாரரும் பழி பேசுவோரும் வரிசையாக நின்றார்கள். அந்த இடம் வந்தபோது அவருக்கு இருமல் வந்தது. இருமல் நின்றதும் கை தூக்கச் சொன்னார். தூக்கியவர்களில் பதினோரு பேர் வாயில் இருந்தது பல்செட்காரன் செய்து கொடுத்த பல். நன்றாகப் பொருந்திய பல் என்பதால் 'ஆமென்' மிகத் தெளிவாகக் கேட்டது.

மைக்குக்காரனின் அம்மா தையல்காரி. இரண்டாவது வரிசையில், நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அவள் புருஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்த மண். பதினாறு வருஷமாக அவள் அதில் புல் பிடுங்கி வருகிறாள். நாத்தனார் முழங்கையால் லேசாக இடித்தாள். "எல்லாரும் பாக்குறாங்க அண்ணி. எங்க அண்ணன் தனியாவே கிடக்கணுமா?" தையல்காரி கையைத் தூக்கினாள். முழுசாகக்கூட இல்லை, பாதிதான். மீதியைக் கை தானாகவே தூக்கிக்கொண்டது.

மகன் ஒலிபெருக்கிக் கம்பியைச் சுற்றிக்கொண்டே அதைப் பார்த்தான். சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு, சாவியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. கை தூக்கியவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்பதால் கடன் கேட்பவர்களுக்கும் பெண் கேட்பவர்களுக்கும் வசதியாயிற்று. ஆட்டோக்காரர்கள் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து நிறுத்தி, "ஏறுங்க சார், கூப்பிட்டீங்களே?" என்றார்கள். ஆனால் அந்த விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. தொட்டால் குளிர்ந்தன. சபை கூடும்போது பக்கவாட்டுச் சன்னல் வெயிலில் நாற்பத்து மூன்று நிழல்கள் எதிர்ச் சுவரில் விழும். தலைகள் குனிந்து ஜெபிக்கும் நேரத்தில் அந்த நிழல்களின் விரல்கள் மட்டும் மெல்ல அசையும், எதையோ எண்ணுவதுபோல. குழந்தைகள் அந்தச் சுவர்ப்பக்கம் உட்கார மறுத்தார்கள்.

வேலை குவிந்தது தையல்காரிக்குத்தான். வலது தோளில் தொடங்கி இடுப்புவரை திறந்து பொத்தான் வைத்த சட்டையை அவள் ஒருத்திதான் தைத்தாள். காலால் மிதித்து, இடது கையால் துணியைத் தள்ளி எப்படியோ ஓட்டினாள். ஊசியில் நூல் கோக்கத்தான் முடியவில்லை. ஒரு நாள் காலை, பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மகன் வந்து நின்றான். கையை அண்ணாந்து பார்த்தான்.

"என்னைத் தொரத்துன கை இதுதானேம்மா?"

"ஆமாடா."

"சரி, கறுப்பு நூல் எங்க வச்சிருக்க?"

இருபது ஊசிகளில் இருபது நிற நூல் கோத்துப் பஞ்சுத் தலையணையில் குத்திவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். அவன் வரும்வரை அவள் மிஷினைத் திறக்கமாட்டாள்.

போதகர் கூட்டத் தலைவராக இருந்ததால் அன்று வாக்களிக்கவில்லை. அவர் கைகள் இரண்டும் பத்திரமாக இருந்தன, அதுவே அவருக்கு வெட்கமாக இருந்தது. இருவரையும் திரும்பச் சேர்த்தால் கைகள் இறங்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் நீக்கப்பட்டவர் முன்னால் வந்து நின்று பாவ அறிக்கை செய்தால்தான் அந்தத் தீர்மானத்தையே கொண்டுவரலாம் என்பது சட்டம். அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டார். மைக்குக்காரன் காபி கொடுத்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, பொய் சொல்லித்தான் உள்ள வரணும்னா, வெளியவே நல்லா காத்து வருது." போதகர் காபியைக் குடித்து முடித்தார்.

இதற்கிடையில் இரும்புக்கடைக்காரர் ஒன்றைக் கண்டுபிடித்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று ஒரு சாதாரணத் தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார், தூக்கியபடியே நாற்பத்து மூன்று கைகள் இருந்தன. எதிர்ப்பவர் யார் என்று கேட்கும் வழக்கம் அங்கே எப்போதும் இருந்ததில்லை. அவர் கூட்டத்தை மெதுவாக ஒரு பார்வை பார்த்தார், கிடங்கு முழுக்கச் சரக்கு தனக்கே என்று தெரிந்துகொண்ட வியாபாரி பார்க்கிற பார்வை. அடுத்த மாதம், புருஷனை விட்டுவிட்டு லாரி டிரைவரோடு இருக்கிற நர்ஸின் பெயர் வந்தது. நிறைவேறியது. கல்யாணமான ஏழாம் மாதத்தில் நாலு கிலோ எடையில் பிள்ளை பெற்ற தம்பதி வந்தார்கள், நிறைவேறியது. அந்தத் தம்பதியின் இரண்டு கைகளும் எண்ணிக்கையில் சேர்ந்தே இருந்தன. வராமல் இருந்தால் தன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லோரும் வந்தார்கள். வந்து உட்கார்ந்தால் தன் கையே தனக்கு எதிராக எண்ணப்பட்டது. நாற்பத்து மூன்று, நாற்பத்திரண்டு, நாற்பது, முப்பத்தாறு. நீக்கப்பட்டவர்கள் தெருவில் கையைத் தூக்கியபடியே நடந்தார்கள், இன்னும் யாருக்கோ வாக்களித்துக்கொண்டிருப்பதுபோல.

இருபத்தொன்பதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை செயலர் தையல்காரியின் பெயரை வாசித்தார். நீக்கப்பட்டவனோடு தினமும் உறவு, ஊசியும் நூலும் சாட்சி. அவள் எழுந்து நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து இழுத்தாள், ஆள் முழுசாகத் தொங்கி இழுத்தாள். தோளில் ஏதோ நெரிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. நாத்தனாரும் எழுந்து தன் இடது கையால் சேர்ந்து இழுத்தாள், அழுதுகொண்டே இழுத்தாள். சுவரில் நிழல் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன.

"அம்மா, நீங்களும் ஆதரிக்கிறீங்களா?" என்று போதகர் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கையைக் கேளுங்கய்யா," என்றாள்.

"இருபத்தொன்பது," என்றார் செயலர். "தையல்காரம்மா உட்பட."

அதற்குப் பிறகு சபையில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எண்ணிக்கை பன்னிரண்டுக்கு வந்தபோது செயலரின் மனைவியே எழுந்து, துறைமுகத்துப் பக்கம் தன் புருஷனுக்கு இருக்கும் இன்னொரு வீட்டை, அந்த வீட்டுத் திரைச்சீலையின் நிறம்வரை விவரித்துத் தீர்மானம் கொண்டுவந்தாள். செயலரின் கை அவர் தலைக்குமேல் கம்பீரமாக நின்றது. அவரே எண்ணி, அவரே அறிவித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். போதகர் இன்றும் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிறார். மைக் இல்லை. கேட்பவர்கள் குறைவு என்பதால் தேவையும் இல்லை. அந்த வரியை வாசிக்க நேர்ந்தால் இப்போது முழுசாக வாசிக்கிறார், மெதுவாக, யாரும் இருமுவதில்லை.

தையல்காரி, தன் பெயரை நீக்கிய அன்று, கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. நேராக ஏழு தெரு நடந்து மகன் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்ட இடது கையைத்தான் பயன்படுத்தினாள். பல்செட்காரன் திறந்தான், பல் அச்செடுக்கும் மாவு அப்பிய விரல்களோடு நின்று, "வாங்கம்மா" என்றான்.

"என் பேரை எடுத்துட்டாங்க," என்றாள். "என் கையும் சேந்துதான் எடுத்துச்சு. அவரு பக்கத்துல எடம் போச்சு. இங்க எடம் இருக்கா?"

எல்லா வீட்டு வாசலிலும் செய்வதுபோல, கை இடிக்காமல் இருக்க முட்டியை மடக்கிக் குந்தி, தவழ்வதுபோல உள்ளே நுழையக் குனிந்தாள். உள்ளிருந்து மகன் குரல் வந்தது.

"அம்மா, குனியாத. அப்படியே நில்லு."

அவன் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தான். பல்செட்காரன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். அவள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை நிலையின் மேல்கட்டையைப் பெயர்த்து, அதற்கு மேலே இரண்டு முழம் இடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து, வாடகை வீட்டை இப்படிப் பண்ணலாமா, யானையா வளர்க்கப் போறீங்க என்று கேட்டார். "அம்மா வராங்க," என்றான் மகன், தலையில் செங்கல் தூளோடு.

அவள் நிமிர்ந்தபடி உள்ளே போனாள். கை இறங்கவில்லை, அடுத்த வருஷமும் இறங்கவில்லை, அப்புறம் யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. வாசல் அவ்வளவு உயரம் என்பதால் மழைக்காலத்தில் சாரல் கூடம்வரை அடிக்கும். மூன்று பேரும் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.