பொட்டில்லாத போன்

என் கட்சிக்காரர் அரசாங்கம். ஆகவே அரசாங்க ஆட்கள் சொல்லும் பொய்க்கும் நான்தான் வக்கீல் என்று என் சீனியர் நினைத்துக்கொண்டிருந்தார். தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

அறுபத்தாறாம் வருஷம். கடலூரில் நான் உதவி அரசு வழக்கறிஞர். ரயில் பாதுகாப்பு வழக்கெல்லாம் என் தலையில்தான் விழும். ஆயுதபூஜை முடிந்த அடுத்த வாரம், சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில், அட்டவணையில் இல்லாத கூட்ஸ் வண்டி மாட்டுவண்டியில் மோதியது. வண்டியோட்டி வந்த லூர்துசாமி அங்கேயே செத்தார். ஸ்டேஷனிலிருந்து போன் அடித்தும் எடுக்காமல் கேட்டைத் திறந்து வைத்திருந்ததாகக் கேட்கீப்பர் காத்தவராயன் மேல் வழக்கு. நிரூபித்தால் ஜெயில்.

கேட்டில் போனே கிடையாது என்றான் காத்தவராயன். ரயில்வே எஞ்சினியர் என் மேஜையில் ஒரு புகைப்படத்தை வைத்தார். விபத்துக்கு மறுநாள் எடுத்தது. கேட் அறைச் சுவரில் போன் கம்பீரமாகத் தொங்கியது.

"கம்பி மட்டும் மோதுனதுல அறுந்துபோச்சு சார். இவன் புளுகுறான்."

படத்தை நம்பினேன். ஆனாலும் இடத்தைப் பார்க்காமல் வாதாடிப் பழக்கமில்லை, போனேன். காத்தவராயன் மனைவி ராசம்மாள் அறையைத் திறந்துவிட்டாள்.

"இந்தப் போனு ரயிலு மோதுன மறுநா காலையிலதான் வந்துச்சுங்க ஐயா. ரெண்டு பேரு அவசர அவசரமா வந்து மாட்டிட்டுப் போட்டோ புடிச்சாங்க. நான் சொன்னா யாரு கேக்குறா?"

நான் சுவரைப் பார்த்தேன். கை விளக்குக்குச் சந்தனம், குங்குமம். கொடிக் கம்புக்கு, ஸ்டூலுக்கு, கடப்பாரைக்கு, மூலையில் கிடந்த துடைப்பத்துக்குக்கூட. ஆயுதபூஜைப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. போன் மட்டும் மூளியாகத் தொங்கியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தவனையும் ஏமாற்றி, உயிரோடிருப்பவனையும் உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு என் கையெழுத்து வேறு!

சீனியரிடம் சொன்னேன்.

"ஏன்யா ரஃபியுதீன், உனக்கு எதுக்கு ஆயுதபூஜை ஆராய்ச்சி?"

"பரங்கிப்பேட்டையில ஆயுதபூஜைப் பொரி தின்னாம வளந்த பாய் யாரு சார்?"

"வேலை போயிடும்."

"போவட்டும் சார். இந்தப் பொய்ய நான் கோர்ட்டுலயே உடைக்கப் போறேன்."

சிதம்பரம் கோர்ட்டில் எஞ்சினியர்தான் முதல் சாட்சி. என் சாட்சி. அந்தப் படத்தையே அவர் கையில் கொடுத்தேன்.

"இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் என்னங்க?"

"சந்தனம். ஆயுதபூஜைக்கு வச்சது."

"போன்ல ஏன் இல்ல?"

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறந்திருப்பாங்க."

"தொடப்பத்துக்கே பொட்டு வச்சவங்க, ரயில் வருதுன்னு சொல்ற போனை மறந்துட்டாங்களா? கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்கு மதி வேணாமா?"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்டிரேட் சிரிக்கவில்லை. எஞ்சினியரை நேராகப் பார்த்து, போன் எப்போது வந்தது என்று கேட்டார். எஞ்சினியர் தண்ணீர் கேட்டார். பிறகு உண்மையைச் சொன்னார்.

காத்தவராயன் மீதான வழக்கை அரசுத் தரப்பு திரும்பப் பெறுகிறது என்றேன். அரசுத் தரப்பு என்பது அன்றைக்கு நான் ஒருவன்தான். மாஜிஸ்டிரேட் அனுமதித்தார். அந்தக் கேட்டுக்குப் போன் கம்பி இல்லை என்று ரயில் பாதுகாப்பு அதிகாரிக்கு அன்றைக்கே எழுதினேன். சீனியர் சொன்னபடி என் பதவியும் அந்த மாதமே போயிற்று. வருத்தமில்லை என்று சொன்னால் பொய், பயமில்லை.

தை பிறந்ததும் அந்தப் பக்கம் போனபோது கேட்டில் இறங்கினேன். காத்தவராயன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான். உள்ளே, போன் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"பொங்கலுக்கு வச்சியாம்மா?" என்றேன்.

"இல்லீங்க ஐயா," என்றாள் ராசம்மாள். "கம்பி இழுத்து, மொதமொத மணி அடிச்சப்புறம்தான் வச்சேன்."