இரண்டாவது கியர் விழாத வண்டி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வருவார் என்று மச்சான் செவ்வாய்க்கிழமை சொன்னார். என்னைக் கேட்டுவிட்டு அவரை வரச் சொல்லவில்லை. வரச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"வண்டியக் குடுக்கறதா இல்ல," என்றேன்.

"ஓடாத வண்டிய வச்சிக்கிட்டு என்ன மாப்ள பண்ணப் போறீங்க? அம்மா ஜன்னலத் திறந்தா அதுதான் கண்ணுல படுது. தினமும் அழுறாங்க."

"அழட்டும்."

அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அறையவில்லை. வண்டி அவருடைய அம்மா, என் அத்தை பெயரில் இருந்தது. ஓட்டியது என் மனைவி. அதனால் எனக்கு வாய் மட்டும்தான் இருந்தது, உரிமை இல்லை.

"சரி. சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஓட வச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயத் திறந்தா ஏன்னு கேளுங்க. சைக்கிள் செயின் கழண்டாலே வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வர்ற ஆளு நீங்க!"

உண்மைதான். தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அது பழைய பிக்கப். கியர் தானாக மாறுகிற வகை. தோட்டம் போடுகிறவர்களின் வீடுகளுக்கு மண்ணும் உரமும் ஏற்றிப்போவது அவள் தொழில். அவள் இறந்து பதினோரு வாரம். அன்றைக்கு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் மச்சான். அன்றிலிருந்தே வண்டி முதல் கியரை விட்டு நகர மறுத்தது. எஞ்சின் கதறும். வேகம் ஐம்பதை நெருங்கிய பிறகு முதுகில் உதைத்ததுபோல் இரண்டாவது விழும். தெருமுனை மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு. இதுக்கு வேற பெட்டியும் கிடைக்காது," என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே மாதிரி எடுக்காமல் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

புதன்கிழமை மாலை கியர் ஆயிலின் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தேன். நிறைய இருந்தது. வியாழக்கிழமை வண்டியின் கையேட்டைப் படித்தேன். ஆயிலை எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். நின்றிருக்கும்போது பெட்டிக்குள் சுற்ற வேண்டிய ஆயிலும் அடித்தட்டில் இறங்கி, நிறைய இருப்பதுபோல் காட்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டேன். பழுப்பு நிறம். தீய்ந்த வாடை இல்லை. விரலில் தேய்த்தேன். இரும்புத்தூள் இல்லை. பெட்டி உள்ளே தேயவில்லை. தாளோடு மெக்கானிக்கிடம் போனேன்.

"எஞ்சின் ஓடும்போது ஆயில் பாத்தீங்களா?"

"முப்பது வருசமா வண்டி பாக்கறேன் தம்பி."

"ஓடும்போது பாத்தீங்களா?"

தாளை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு உள்ளே போய் நீளக் கழுத்துப் புனலை எடுத்துவந்து கையில் கொடுத்தார். அதுதான் பதில்.

ஆயில் ஊற்றிய பிறகு வண்டி சட்டென்று கிளம்பியது. ஆனால் இரண்டாவது கியர் அதே ஐம்பதில்தான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. ஓட்டுகிறவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பதை அதுதான் சொல்லும். அது அதிகம் இழுபட்டிருந்தால், எப்போதும் முழுக்க மிதிப்பதாகப் பெட்டி நினைத்துக்கொண்டு கியரை மாற்றத் தாமதிக்கும். கேபிளின் திருகைத் துடைத்துப் பார்த்தேன். கம்பெனி போட்ட வெள்ளைக் கோடு ஒன்று. அரை விரல் தள்ளி ஊதா நிறத்தில் ஒரு புள்ளி. நட்டு அந்தப் புள்ளியில் நின்றது.

அந்த ஊதா எனக்குத் தெரியும். அவளுடைய அந்த நெயில் பாலிஷ் பாட்டில் குளியலறைத் தட்டில் இருக்கிறது. நான் பத்திரப்படுத்தவில்லை. எறியவும் இல்லை.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடடா! இது உங்க வீட்டுக்காரம்மா வேலை. லோடு ஏத்தினா இழுத்து வைக்கும், இறக்கினா தளர்த்திடும். மேட்டுல கியர் முன்னும் பின்னும் மாறித் தடுமாறக் கூடாதாம். கேபிளோட விளையாடாதம்மான்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். 'வண்டிதான் எனக்கு அடங்கணும்ணே'ன்னு சொல்லிட்டுப் போயிடும்."

அன்றைக்கு மூட்டைகளை இறக்கி முடித்தபோதுதான் அவள் மயங்கி விழுந்தாள். நட்டைத் தளர்த்தவில்லை. தளர்த்த வேண்டும் என்று வண்டியை எடுத்த மச்சானுக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு மச்சான் வந்தார். ஊதாப் புள்ளியைக் காட்டி, அவள் வைத்தது என்றேன். புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"தொடாதீங்க."

"ஏன்?"

"அவ வச்ச மாதிரியே இருக்கட்டும் மாப்ள. இரும்புக்காரரத் திருப்பி அனுப்பிடறேன். தார்ப்பாய் போட்டு மூடி ஓரமா நிறுத்திக்கலாம். அவ கை பட்டது."

நான்கு நாளுக்கு முன் இதே வண்டியைத் துண்டுபோட ஆள் பார்த்தவர்.

"தார்ப்பாய் போட்டு மூடவா மூணு நாளு இதோட மல்லுக்கட்டினேன்?"

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினார். "ஆம்புலன்ஸ் பின்னாடி இத ஓட்டிக்கிட்டுப் போனவன் நான். மிதிக்க மிதிக்கக் கத்துது, நகரல. ஆம்புலன்ஸ் கண்ணுல இருந்து மறைஞ்சிடுச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. வண்டிய நான்தான் கெடுத்துட்டேன்னு இத்தன நாளா..."

"நீங்க கெடுக்கல. நட்டு ஊதாவுல இருந்துச்சு. அவ்வளவுதான்."

நட்டில் ஸ்பேனரை மாட்டக் குனிந்தேன். மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவளா இருந்தா அன்னிக்கு மத்தியானமே தளர்த்தியிருப்பா," என்றேன். "கைய எடுங்க மச்சான்."

எடுக்க நேரமானது. காத்திருந்தேன். எடுத்தார். நட்டை வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பி இறுக்கினேன்.

அதற்குள் இரும்புக்காரர் லாரியை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, சங்கிலியோடு இறங்கினார். "எது சார் வண்டி? இதுவா?"

"லாரியப் பின்னாடி எடுங்க," என்றேன்.

"வரச் சொல்லிட்டுப் போகச் சொன்னா எப்படி சார்?"

"அதான் சொல்றாருல்ல, எடுய்யா!" என்று மச்சான் அவர்மேல் பாய்ந்தார். நான் பிக்கப்பில் ஏறி எஞ்சினைக் கிளப்பியதும், கேட்காமலே வந்து என் பக்கத்தில் ஏறினார்.

தெருவைத் தாண்டும்வரை ஒரு கையை முன்பலகையில் ஊன்றியபடி, தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். அந்தக் கதறலுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. இருபத்தைந்தில் இரண்டாவது விழுந்தது. நாற்பதில் மூன்றாவது. சத்தமே இல்லை.

"இரண்டாவது எப்ப விழும்?" என்றார்.

"மூணாவதே விழுந்தாச்சு."

கையைப் பலகையிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்க்கவில்லை.

"போதும் மாப்ள," என்றார். "ஓடுது. ஒத்துக்கறேன். திருப்புங்க."

"நாலாவது இன்னும் பாக்கல," என்று சொல்லி, நெடுஞ்சாலைப் பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தேன்.