கப்பல் வெடிக்கிற காட்சி

விண்வெளிக் கப்பலை எதை வைத்து வெடிக்கச் செய்வது என்பதில் மூன்று பேருக்கும் ஒத்துப்போகவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ஏதோ ஒரு வெடி கிடைத்தால் போதும் என்று இருந்திருப்பார்கள். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் கதை வேறு. தெருவில் போகிறவனை நிறுத்திக் கேட்டாலும் வெடியைப் பற்றி நின்ற இடத்திலேயே வகுப்பெடுப்பான்.

“புஸ்வாணம்தான் சரி. கப்பலுக்கு அடியில வச்சுப் பத்த வச்சா நெருப்பு பூவா எந்திரிக்கும்” என்றான் ஊர்க்காவலன். கல்யாண வீடியோ எடுக்கிறவன். கேமரா அவனுடையது என்பதால் அவன் சொல்வதையெல்லாம் கொஞ்சம் பொறுத்துப் போகவேண்டியிருந்தது.

“பூவா எந்திரிச்சா தீபாவளி வாழ்த்துன்னு நினைப்பாகலே. கேப்டன் சாகப்போறான், பூவாம்ல பூவு” என்றான் முத்துப்பாண்டி. அவன்தான் கேப்டன். ஊருக்குக் கிழக்கே உள்ள பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

முத்துப்பாண்டியின் தங்கை இசைவாணி உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். இந்தப் படமே அவள் கிளப்பிவிட்டதுதான். சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிற பெண். கையில் ஒரு வேலை இருக்கும்போதே மனசு அடுத்த வேலைக்குப் போய்விடும். தையல் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியில் விட்டாள். தபால் வழிப் படிப்பில் சேர்ந்து பரீட்சைக்கு முன்னால் விட்டாள். இந்தப் படமாவது முடியவேண்டும் என்று அவளுக்கு வெறியாகவே இருந்தது. முடியாவிட்டால் தன்னைத் தானே நம்புவது அன்றோடு போய்விடும் என்று பயந்தாள்.

படம் என்றால் சொந்தக் கதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் பேசவைத்துப் போட்ட ‘விண்மீன் ரோந்து’ என்ற வெளிநாட்டுத் தொடர் இரண்டு வருஷம் தெருவையே கட்டிப்போட்டிருந்தது. கேப்டன் ஜோரான் ஓட்டை விழுந்த கப்பலில் தனியாக மாட்டிக்கொண்டு, கீழே கிரகத்து ஜனங்கள் தப்பி ஓட ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வாரம் நின்றது. அடுத்த வாரம் அந்த நேரத்தில் சமையல் எண்ணெய் விளம்பரமும் சாமியார் பேச்சும் வந்தன. டிவிக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவே வயிற்றெரிச்சல்பட்டது. நாமே முடித்துவிடுவோம் என்று இசைவாணி சொன்னது 2006ஆம் வருஷம், ஆவணி மாதத்தில். கேபிள் டிவி நடத்துகிற கனகசபாபதியும் அதே தொடருக்கு அடிமைதான். “சரஸ்வதி பூஜை அன்னைக்குச் சாயந்திரம் அரை மணி நேரம் தாரேன். அதுக்கப்புறம் கேக்காத, கடைக்காரங்க விளம்பரம் குவிஞ்சிரும்” என்றார்.

வீடு அன்றிலிருந்து வீடாக இல்லை. பிரஸ்ஸில் கழித்துப்போட்ட அட்டைகளை இசைவாணி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளிக் காகிதம் ஒட்டிய அட்டைகள் கப்பலாயின, கேப்டன் உடுப்பாயின. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் வெள்ளிக் காகிதம் சுற்றினார்கள். உடுப்பின் முதுகில் மட்டும் ஒரு லேபிளின் பாதி ரோஜாப்பூ தெரிந்தது. கேப்டன் திரும்பவே கூடாது என்று முடிவாயிற்று. பீரோவுக்கு எதிர்ச் சுவர் கப்பலின் உள்பக்கம். இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து ஒட்டி விளக்குப் போட்டதும் நிஜமாகவே பயங்கரமாக இருந்தது. மூன்று நாள் யாரும் இட்லி சாப்பிடவில்லை.

அம்மா வேலுத்தாய் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. அவளும் பட்டாசுக் கம்பெனிதான், மகனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங். சாயந்திரம் வந்தால் கையிலும் கழுத்திலும் அலுமினியப் பவுடர் மினுங்கும். “வெடிமருந்துக்குள்ள இருந்து வர்ற நானே கிரகத்துக்காரிதான், எனக்கு எதுக்கு மேக்கப்பு” என்று சிரிப்பாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வீட்டை என்ன வேணாலும் பண்ணுங்க. வெடிச் சத்தம் மட்டும் வேணாம். நாளெல்லாம் ஈரக்கொலையைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன். சாயந்திரமாவது நிம்மதியா இருக்கணும்.”

“சத்தமே வராதும்மா. சத்தத்தைப் பெறகு கம்ப்யூட்டர்ல சேத்துக்கிரலாம்” என்று இசைவாணி வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது மனசாரத்தான் கொடுத்தாள்.

கொல்லையில் புஸ்வாணத்தை வைத்து ஒரு சின்ன அட்டைக் கப்பலை எரித்துப் பார்த்தார்கள். முத்துப்பாண்டி சொன்னதுதான் சரி. திரையில் பார்த்தால் யாரோ பொங்கல் வைக்கிற மாதிரி இருந்தது. சங்கு சக்கரத்தைக் கட்டிப் பார்த்தார்கள், கப்பல் வாத்து மாதிரி சுற்றியது. இசைவாணிக்கு அழுகையே வந்துவிட்டது. தூக்கத்திலும் கப்பல் நமுத்துப்போய் நமுத்துப்போய் அணைந்தது.

“நிஜமா வெடிக்கணும். அட்டை நாலு பக்கமும் பறக்கணும். வேற வழியில்லண்ணே” என்றாள் ஒருநாள்.

“அம்மாட்ட யாரு சொல்லுறது?” என்றான் முத்துப்பாண்டி.

இசைவாணிக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. தீபாவளி சீசன். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு. பகல் வெளிச்சத்தில் மூன்று பேரும் ஒன்றாக நிற்கிற நேரமே கிடைக்கவில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. வானத்தில் இடி கேட்டால் பட்டாசுக் கம்பெனிகளில் வேலையை அப்படியே நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மின்னல் ஒரு பொறி விழுந்தால் போதும், வெடிமருந்து வைத்திருக்கிற ரூம் மிஞ்சாது. மேகம் கறுத்தால் பிரஸ்ஸிலும் கரண்ட் போய் வேலை நின்றுவிடும். ஆக, இடி இடிக்கிற மத்தியானம்தான் ஷூட்டிங்.

அதற்குப் பிறகு இசைவாணி வானத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். லேபிளில் லட்சுமிக்கு நிறம் கொடுக்கும்போதும் ஜன்னல் வழியே ஒரு கண் மேலே இருந்தது. காலையில் மேகம் கூடும், மத்தியானம் காற்று அடித்துக் கலைத்துவிடும். கலைத்த அன்றெல்லாம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். சரஸ்வதி பூஜை நெருங்கிக்கொண்டே வந்தது. கனகசபாபதி வேறு பார்க்கிற இடத்திலெல்லாம் “கப்பல் எம்புட்டுத் தூரம் வந்திருக்கு?” என்று கேட்டார்.

கடைசியில் புரட்டாசியில் ஒரு புதன்கிழமை இடித்தது. கரண்ட் போன நிமிஷமே இசைவாணி சைக்கிளை மிதித்தாள். முத்துப்பாண்டி கம்பெனி வாசலிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே காட்டுக்கு வந்தான். கம்பெனிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த தரிசுக் கரிசல்காடு அது. ஊர்க்காவலன் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். மழை இன்னும் விழவில்லை. வெளிச்சம் கருநீலமாக, வேற்றுக் கிரகத்துக்கே பொருத்தமாக இருந்தது.

கப்பலின் வயிற்றுக்குள் முத்துப்பாண்டி பெரிய வெடிகளாகத் திணித்தான். திணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“அம்மா காதுல சத்தம் விழுந்தா?”

“இன்னைக்கு இடி நாளுண்ணே. எல்லா ரூமும் காலி. ஒருத்தரும் உள்ள இல்லைன்னு ஊருக்கே தெரியும். கேட்டாலும் இடின்னு நினைச்சுக்கிருவாக.”

முத்துப்பாண்டி யோசித்தான். பட்டாசுக் கம்பெனி ஆள் அவன், அவனுக்காவது உறைத்திருக்கவேண்டும். ஆனால் வெள்ளி உடுப்பைப் போட்ட பிறகு அவன் கேப்டன் ஜோரான் ஆகிவிட்டிருந்தான். “அதுவும் சரிதான்” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

கப்பல் வெடித்தது. இசைவாணி கனவில் கண்டதைவிட நன்றாக வெடித்தது. அட்டைகள் நாலு பக்கமும் பறந்தன. வெள்ளைப் புகை கொத்தாக எழும்பிக் கம்பெனிச் சுவருக்கு மேலே போய் நின்றது. ஊர்க்காவலன் “அடேங்கப்பா” என்றான். இசைவாணி சந்தோஷத்தில் குதித்தாள்.

அப்போதுதான் ஊர்ப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ரோட்டில் பெண்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். தலை அவிழ்ந்து, செருப்பில்லாமல், ஆளாளுக்கு ஒரு பெயரைக் கத்திக்கொண்டு கம்பெனி கேட்டைப் பார்த்து ஓடினார்கள். இடி நாளில் வெடிச் சத்தம் கேட்டால் அந்த ஊருக்கு ஒரே அர்த்தம்தான். மின்னல் ரூமில் விழுந்துவிட்டது. ரூம் காலியா இல்லையா என்று நின்று கணக்குப் போடுகிறவர்கள் அங்கே யாரும் இல்லை. வீட்டுக்கு இன்னும் வந்து சேராதவன் உள்ளேதான் இருக்கிறான்.

கிரகத்து ஜனங்கள் ஓடுகிற காட்சிக்கு ஆள் கிடைக்காமல் இசைவாணி இத்தனை நாள் தவித்திருந்தாள். அந்தக் காட்சி இதோ கண்முன்னால் ஓடியது. ஊர்க்காவலன் கேமராவை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, “நிறுத்திரவா?” என்று கேட்டான். சின்னத் திரையில் முன்னால் ஓடிவருகிற பெண்ணின் முகம் தெரிந்தது. “ஐயோ, அம்மா” என்றாள் இசைவாணி. நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “நிறுத்தாதண்ணே, எடு, எடு” என்றுதான் வந்தது.

முத்துப்பாண்டி கேமராவைத் தாண்டி அம்மாவை நோக்கி ஓடினான். ஹெல்மெட்டோடு, வெள்ளி உடுப்போடு, முதுகில் பாதி ரோஜாப்பூவோடு ஓடினான். வேலுத்தாய் அவனைத் தீயணைக்க வந்த ஆள் என்று நினைத்தாள். இரண்டு கையாலும் அவன் புஜத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, எம் மகன் உள்ள இருக்கான்யா. முத்துப்பாண்டின்னு பேரு. நீலச் சட்டை போட்டிருப்பான். பாருங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவனுக்கு ஹெல்மெட்டின் வார் கழலவில்லை. உள்ளிருந்து “யம்மா, யம்மா” என்று கத்தினான். அவளுக்குக் காதில் விழவில்லை. இசைவாணி அதற்குப் பிறகுதான் ஓடினாள். ஓடிப்போய் வாரைக் கழற்றிவிட்டாள். மகன் முகத்தைப் பார்த்ததும் வேலுத்தாய் அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்படியே கரிசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்கள்தான் திட்டினார்கள், அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. பிறகு மழை கொட்டியது.

மறுநாளும் மழை விடவில்லை, கம்பெனி லீவு. வேலுத்தாய் எழுந்து சோறு பொங்கினாள், எல்லோருக்கும் போட்டாள். ஊர்க்காவலன் மத்தியானம் வயர்களோடு வந்து நின்றான். இசைவாணியை வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“ராத்திரி போட்டுப் பாத்தேன். கப்பல் வெடிச்சதும் சனம் ஓடுது பாரு, எந்த சினிமாக்காரனாலயும் இப்பிடி எடுக்க முடியாது. படம் முடிஞ்சிருச்சு இசை. அம்புட்டுத்தான். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.”

இசைவாணிக்கு வேணாம் என்று சொல்லத் தோன்றியது. அதே சமயம், பார்த்துவிடவேண்டும் என்றும் இருந்தது. தூரத்தில் எடுத்ததுதானே, அம்மா என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு நினைப்பு உள்ளே ஓடியது. அந்த நினைப்பை அவள் விரட்டவில்லை.

“அதுல நான் ஓடுறது இருக்கா?” என்று உள்ளேயிருந்து வேலுத்தாயின் குரல் கேட்டது. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு. “போடு. நானும் பாக்கேன்.”

ஊர்க்காவலன் கேமராவை டிவியோடு சேர்த்தான். முத்துப்பாண்டி சுவரில் சாய்ந்து நின்றான். கப்பல் வந்தது. அப்போதுதான் இசைவாணிக்கு உறைத்தது. கேமரா படத்தை மட்டும் பிடிக்காது, பேச்சையும் பிடிக்கும். அவள் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தாள். சத்தத்தைக் குறைக்க எழுந்தாள். அதற்குள் கப்பல் வெடித்துவிட்டது.

புகை எழும்பியது. படம் ஆடித் திரும்பியது. ரோடு, பெண்கள், எல்லோருக்கும் முன்னால் வேலுத்தாய். “நிறுத்திரவா?” என்று ஊர்க்காவலன் டிவிக்குள்ளிருந்து கேட்டான். “ஐயோ, அம்மா.” அதற்குப் பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு பளிச்சென்று, தெளிவாக, “நிறுத்தாதண்ணே, எடு, எடு.”

திரையில் வேலுத்தாய் வெள்ளி உடுப்புக்காரனைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்திருந்த வேலுத்தாய் அதைப் பார்க்கவில்லை.

“யாரு அது, எடு எடுங்கிறது?” என்று கேட்டாள்.

ஊர்க்காவலன் வயரைப் பார்த்தான். முத்துப்பாண்டிதான் சட்டென்று, “காட்டுல யாரோ நின்னாகம்மா, வேடிக்கை பாத்துக்கிட்டு” என்றான். தங்கைக்காகச் சொன்ன பொய். இசைவாணி பேசாமல் இருந்தால் போதும், அந்தப் பொய் நின்றிருக்கும். சரஸ்வதி பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. குரலை அழித்துவிட்டுப் பாட்டுச் சேர்த்துவிடலாம். படமும் முடிந்திருக்கும்.

“நான்தாம்மா. நீ வர்றதைப் பாத்துட்டுத்தான் சொன்னேன்” என்றாள் இசைவாணி.

டிவியை அணைத்தாள். ஊர்க்காவலனிடம், “கனகசபாபதி அண்ணாச்சிகிட்ட அன்னைக்கு வேற ஏதாவது போட்டுக்கிடச் சொல்லிருண்ணே. அந்த டேப்பை அழிச்சிரு” என்றாள். ஊர்க்காவலன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

வேலுத்தாய் மகளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் முகத்தில் கோபமே இல்லை.

“ஓடும்போது உன்னையத்தான் நினைச்சேன்” என்றாள். “எம் மகதான் பிரஸ்ல பத்திரமா இருக்கா, அவளாவது மிஞ்சுவான்னு நினைச்சுக்கிட்டேதான் ஓடுனேன்.”