கைக்கு ஏற்ற மெஷின்

கோம்பையிலிருந்து தேனிக்கு வரும் பஸ்ஸில் ராக்கப்பன் வாயே திறக்கவில்லை. புது மெஷின் வாங்கப் போகிறவன் முகமா அது? பல் பிடுங்கப் போகிறவன் முகமாக இருந்தது. பக்கத்தில் மனைவி முத்துலட்சுமி சந்தோஷமாக ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் அவளுடைய தம்பி சின்னச்சாமி, செல்போனில் மெஷின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேருக்கும் ஒரே தொழில். வீட்டு வாசல்களிலும் தோட்டத்துப் பாதைகளிலும் பேவர் கல் பதிப்பார்கள். வேலை பிடித்து வருவது சின்னச்சாமி. கல் அடுக்கும் பெண்களுக்கு முத்துலட்சுமி தலைமை. கல்லுக்கு அடியில் மண்ணும் மணலும் இறுக வேண்டும் அல்லவா, அதற்காக, அடிப்பக்கம் இரும்புத் தட்டு வைத்துத் தடதடவென்று அதிரும் காம்பாக்டரைப் பிடித்துக்கொண்டு நடப்பது ராக்கப்பன். வாடகை மெஷினிலேயே காலம் ஓடிவிட்டது. இப்போது கூடலூரில் ஒரு தங்கும் விடுதிக்குப் நடைபாதையும் கார் நிற்கும் தளமும் போடும் பெரிய வேலை வந்திருக்கிறது. சொந்தமாகச் சின்ன டீசல் காம்பாக்டர் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவாகிவிட்டது.

ராக்கப்பனின் கவலை வேறு. அவன் விரல்கள் செத்துக்கொண்டிருந்தன. முதல் சில வருடம் மார்கழிக் குளிரில் மட்டும் நுனி வெளுத்து மரத்துப்போகும், தேய்த்தால் சரியாகிவிடும். இப்போது தேய்த்தாலும் சரியாவதில்லை. சட்டைப் பொத்தானைத் தடவித் தடவித் தேட வேண்டியிருந்தது. பாக்கெட்டில் கைவிட்டால் சாவியா சில்லறையா என்று தெரியவில்லை. இத்தனை வருட அதிர்வும் கைக்குள்ளேயே இறங்கித் தங்கிவிட்டது என்று அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. வெளியே சொன்னால் “நீங்க நெழல்ல உக்காருங்க” என்பார்கள். மச்சினன் சம்பாத்தியத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தாலே அவனுக்குக் கூசியது. ஊரில் எத்தனையோ பேர் அப்படிச் சாப்பிட்டுவிட்டுக் குண்டுக்கல் மாதிரி இருக்கிறார்கள். இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் மனதுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தான். இருப்பதிலேயே எடை குறைந்த மெஷினாகப் பார்த்து எடுத்துவிட வேண்டும். சின்னது என்றால் அதிர்வும் குறைவாகத்தானே இருக்கும்? இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம். காரணத்தை மட்டும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

தேனி பஜாரில் ஸ்டீவனின் மெஷின் கடை. அவர் மனைவி ஜாய்ஸ் கல்லாவில் இருந்தார்.

“சின்னதே போதும் அண்ணாச்சி,” என்றான் ராக்கப்பன், செருப்பைக் கழற்றுவதற்குள்.

“பெருசக் காட்டுங்க அண்ணாச்சி,” என்றான் சின்னச்சாமி.

ஸ்டீவன் இருவரையும் பார்த்தார். வீட்டில் பேசி முடிக்காமல் கடைக்கு வந்து முட்டிக்கொள்கிறவர்கள் அவருக்குப் புதிதல்ல. “மொதல்ல வேலை என்னன்னு சொல்லுங்க. கார் ஏறுற எடமா, ஆளு நடக்குற பாதையா?”

“ரெண்டுந்தான்,” என்றாள் முத்துலட்சுமி.

கடைக்குள் மூன்று அளவில் மெஷின்கள் நின்றன. சின்னது முன்னால் மட்டும் போகும்; இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்துவிடலாம். பெரியது முன்னாலும் போகும், பின்னாலும் வரும். தூக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுவில் நின்றதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“தோட்டத்துக்குள்ள பூரா குறுகல் பாதை மாப்ளே. இந்த யானைய எங்கன திருப்புவ?” என்றான் ராக்கப்பன்.

“திருப்பவே வேணாம் மாமா. ரிவர்ஸ் இருக்கு.”

“வண்டியில யாரு ஏத்துறது?”

“பலகை போட்டு ஏத்திக்கிருவோம்.”

“டீசலக் குடிச்சுத் தீத்துரும்.”

“குடிச்சிட்டுப் போகட்டும் மாமா.”

முத்துலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்போதும் பெரிய மெஷினுக்கு ஆசைப்பட்டவர் புருஷன். அக்கா வீட்டுக்காரர் கிழித்த கோட்டைத் தாண்டாதவன் தம்பி. அவர் எதிரில் கால்மேல் கால் போட்டுக்கூட உட்காரமாட்டான். அந்தப் பிள்ளை இன்றைக்குக் கடையில் நாலு பேர் முன்னால் உடும்புப்பிடி பிடித்து நிற்கிறான். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இது என்ன கிரகம் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

“ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க,” என்று ஸ்டீவன் அவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே மண் பரப்பி ஓர் ஓரமாகக் கல்லும் அடுக்கி வைத்திருந்தார்.

முதலில் சின்னது. கைப்பிடியைப் பிடித்ததும் ராக்கப்பனுக்கு நம்பிக்கை போய்விட்டது. எடை இல்லாததால் அது கிடாக்குட்டி மாதிரி குதித்தது. முழங்கை வரை மரத்துவிட்டது. இருந்தாலும் போட்ட திட்டத்தை விட முடியுமா? “பூ மாதிரி இருக்கு மாப்ளே,” என்று சிரித்தான். பிறகு பெரியதையும் பிடித்து நடந்தான். திரும்பி வந்தபோது இரண்டு கையும் தோளில் கட்டித் தொங்கவிட்ட கட்டைகளாக இருந்தன. அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

ஜாய்ஸ் டீ கொண்டு வந்தார். எவர்சில்வர் டம்ளரில், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. ஸ்டீவன் கைக்குட்டையால் பிடித்தார். சின்னச்சாமி விளிம்பைக் கிள்ளிப் பிடித்தான். முத்துலட்சுமி முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். ராக்கப்பன் மட்டும் தண்ணீர் டம்ளரைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கை நிறையப் பிடித்துக்கொண்டு, சின்ன மெஷினின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, சுடலையா?” என்றார் ஜாய்ஸ்.

ராக்கப்பன் சுற்றிலும் இருந்த கைகளைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. “ஆ... சுடுதே!” என்று டம்ளரை அடுத்த கைக்கு மாற்றினான். அதையும் உள்ளங்கை நிறையத்தான் பிடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குப் பதற்றத்தில் சோறு எது காய் எது என்று தெரிவதில்லை.

முத்துலட்சுமி டம்ளரைப் பிடுங்கினாள். அவள் விரல் சுட்டது. கீழே வைத்துவிட்டு அவன் கையை விரித்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

“கண்ண மூடுங்க,” என்றாள். “எந்த வெரலக் கிள்ளுறேன், சொல்லுங்க.”

ராக்கப்பன் கண்ணை மூடினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கொஞ்சம் யோசித்தான். “நடுவெரலு,” என்றான்.

அவள் இன்னும் கிள்ளவே இல்லை.

“எப்ப இருந்து?” என்று அவள் கேட்டாள். பதில் சொன்னது சின்னச்சாமி.

“போன கார்த்திகையில இருந்துக்கா.”

ராக்கப்பன் நிமிர்ந்தான். “ஒனக்கு எப்படித் தெரியும் மாப்ளே?”

“ஒரு நட்டு மாட்ட எவ்வளவு நேரம் தவிச்சீக மாமா. நா மறைவா நின்னு பாத்தேன்.” சின்னச்சாமி மெஷினின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னான். “அக்கா புருசனப் பாத்து, ஒங்க கை போச்சு விடுங்கன்னு எந்த வாயால சொல்ல? பெருசுன்னா ரெண்டு ஓட்டத்துல மண்ணு இறுகிரும், நீங்க பிடிக்கிற நேரம் கொறையும்னு நெனச்சேன்.”

ராக்கப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து மச்சினனை மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தான்.

“அதுக்காகத்தாண்டா நாஞ் சின்னதக் கேட்டேன்,” என்றான்.

முத்துலட்சுமிக்கு வந்ததே கோபம்! “நல்லா இருக்குடா ஒங்க ஞாயம். ஒரு கைக்காக ஆளுக்கொரு மெஷினு பாத்திருக்கீக. அந்தக் கைய ஆசுபத்திரியில காட்டணும்னு ஒருத்தருக்கும் தோணலையாக்கும்!”

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஸ்டீவன் மெதுவாகச் சொன்னார்: “சின்னது குதிக்கும்மா, பெருசு ஆள இழுக்கும். ரெண்டுலயும் கைக்குக் கேடுதான். அந்த நடுவுல இருக்குது பாருங்க, அதுல கைப்பிடிக்கு அடியில ரப்பர் மெத்தை இருக்கு. அதிர்வு அவ்வளவா ஏறாது. ஆனா அண்ணன் இனிமே எதையும் பிடிக்கக் கூடாது.”

“அதையே எடுத்து வைங்க அண்ணாச்சி. என் தம்பியும் இன்னொரு ஆளும் மாத்தி மாத்திப் பிடிப்பாக. இவன் கையும் எனக்கு வேணும்.”

“அப்ப நானு?” என்றான் ராக்கப்பன். அந்த ஒரு கேள்வியைத்தான் அவன் கார்த்திகையிலிருந்து சுமந்துகொண்டிருந்தான்.

“நீங்களா? தண்ணி எங்கன ஓடும், வாட்டம் எங்கன வைக்கணும்னு ஒரு பார்வையில சொல்ற கண்ணு இருக்குல்ல, அது மரத்துப் போயிருச்சா? என் பொம்பளைகளோட வந்து நில்லுங்க. உக்காரல்லாம் விடமாட்டேன்.” சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சின்னச்சாமி டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான். பின்னால் முத்துலட்சுமி புருஷனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட வெளியிடத்தில் அவனைத் தொடாதவள் அவள். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுடைய புறங்கையில் நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.